நீல டயலும் நாலாயிரம் ஹெர்ட்ஸும்

வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எனக்கு எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் வேலை. வீடு திருவள்ளூரில். வெங்கல், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை என்று பாதி கிராமத்துச் சாலையும் பாதி நெடுஞ்சாலையுமாகப் போகிற வழி. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது பல இடங்களில் தெருவிளக்கே இருக்காது. கண்ணுக்கு எதிரே எரிகிற மீட்டர் போர்டுதான் துணை. என் காரில் அது அழுக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மில்லில் கூட வேலை பார்த்த ஒரு பையனின் காரில் டயல் முழுக்க நீலமாக ஒளிர்வதைப் பார்த்த அன்றே என் மனசு கெட்டுப்போனது.

கார் ஒரு பழைய லேன்சர், இரண்டாம் கை. திருவள்ளூர்க்காரனுக்கு அது வெளியூர் வண்டி இல்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷியோடு சேர்ந்து ஊருக்கு அருகே அதிகத்தூரில் கட்டி விற்ற கார் அது. அந்த ஆலைக்கு வேலைக்குப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. பிறகு லேன்சர் நின்றது. 2017-இல் பிரான்ஸின் பியூஜோ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்தது. இப்போது அங்கே சிட்ரோயன் கட்டுகிறார்கள். என் வண்டி இதற்கெல்லாம் முந்தியது. "நம்மூரு வண்டி" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நம்மூர் வண்டிக்கு நல்ல டயல் போடுவதில் என்ன தப்பு என்றும் தோன்றியது.

சென்னை ஜி.பி. ரோட்டில் காருக்கு வேண்டிய அலங்காரச் சாமான் எல்லாம் கிடைக்கும். பழைய டயலின் மேல் ஒட்டுகிற மெல்லிய ஷீட், ஒரு சின்ன இன்வெர்ட்டர் பெட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான், நாலு வயர். இவ்வளவுதான் மொத்த சரக்கு. கடைப் பையன் மீட்டர் போர்டைக் கழற்றி, முட்களைப் பிடுங்கி, ஷீட்டை ஒட்டி, முட்களைத் திரும்பக் குத்தி, டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டான். இந்த வேலையில் முள்ளைப் பிடுங்குவதுதான் ஆபத்தான கட்டம். கொஞ்சம் கோணலாகத் திரும்பக் குத்தினாலும் வேகம் தப்பாகக் காட்டும். நெடுஞ்சாலையில் முள்ளை 60-இல் நிறுத்திவைத்துக் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் கடிகாரம் பாருங்கள். கல்லுக்கு ஒரு நிமிஷம் ஆனால் முள் சரி. என் முள் தப்பித்தது. தொந்தரவு வேறு பக்கமிருந்து வந்தது.

அந்த நீல ஷீட்டுக்குள் பல்பு கிடையாது. ஜிங்க் சல்ஃபைடு பொடியில் துளி செம்பு சேர்த்து இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே பூசியிருப்பார்கள். முன்பக்கத் தகடு வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். இதற்கு மாறுதிசை மின்சாரம் கொடுத்தால் பொடி ஒளிரும். ஜார்ஜ் டெஸ்ட்ரியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1936-இல் கண்ட விஷயம் இது. 1960 வாக்கில் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களின் மீட்டர் போர்டிலேயே போட்டுப் பார்த்தது. டைமெக்ஸ் கைக்கடிகாரத்தில் பொத்தானை அழுத்தினால் நீலப்பச்சையாக ஒளிருமே, அதுவும் இதே வித்தைதான். கணக்குப் பார்த்தால் இது ஒளிர்கிற ஒரு கண்டென்சர். ஆனால் இதற்கு 12 வோல்ட் பேட்டரி போதாது. 100 வோல்ட்டை ஒட்டிய ஏ.சி. வேண்டும், அதுவும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திசை மாற வேண்டும். 2012-இல் கரண்ட் கட் உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோமே, அது செய்கிற அதே வேலையை இங்கே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டி செய்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸில் ஓடும். என் டயலோடு வந்த மலிவுப் பெட்டி 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓடியது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் காரணம்.

பார்க்கிங் லைட்டைப் போட்டால் டயல் நீலமாகும். அதே நொடி ஸ்பீக்கர்கள் நாலிலும் 'ஙொய்ங்' என்று ஒரு நீளமான இழுவை கேட்கும். பாட்டு ஓடினால் பாட்டுக்கு அடியில் ஓடும். பாட்டை நிறுத்தினால் அது மட்டும் ஓடும். வால்யூமை சுத்தமாகக் குறைத்தாலும் போகாது. ஏ.எம்.மில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸை வைத்தால் செய்தி வாசிப்பவர் எங்கோ தூரத்தில் இருப்பார், இரைச்சல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இந்த மாதிரி வேலை என் கைக்குப் பழக்கமானது. மில்லில் மோட்டார்களின் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் இருக்கின்றன. அவை மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி மோட்டாருக்கு அனுப்பும். அந்த நறுக்கலின் அதிர்வு பக்கத்து வயர்களில் ஏறிக்கொள்ளும். ஃபர்னஸின் தெர்மோகப்பிள் காட்டுகிற டிகிரி காரணமே இல்லாமல் துள்ளும். பவர் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே தட்டில் படுத்திருந்தால் என்ன நடக்கும், எர்த்தை இரண்டு இடத்தில் கட்டினால் என்ன நடக்கும் என்று இளைஞர்களுக்குப் பாடம் எடுப்பவனே நான்தான். என் காரிலேயே அது நடந்தால் விட்டுவிடுவேனா?

சத்தம் எந்த வழியில் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கண்டென்சரைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறினால் அது டைனமோ சத்தம், இன்வெர்ட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என் காரில் ஏறவில்லை. டயலின் பொத்தானைத் திருகினால் மட்டும் சுருதி மாறியது. ஆளைப் பிடித்தாயிற்று, அடுத்து அது போகிற பாதை. ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டு கொண்டுபோகிற ஆர்.சி.ஏ. வயரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றது. அதாவது ஆம்ப்ளிஃபையரின் பவர் வயரில் குற்றமில்லை, சிக்னல் வயரின் வழியாக, அதன் எர்த் வழியாக ஏறுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் கடைப் பையன் வேலையைச் சுருக்கமாக முடித்திருந்தது தெரிந்தது. இன்வெர்ட்டரின் பாசிட்டிவை ஸ்டீரியோவின் வெளிச்ச வயரிலேயே சுற்றிவிட்டான். எர்த்தை ஸ்டீரியோவின் எர்த் போல்ட்டிலேயே முடுக்கிவிட்டான். இன்வெர்ட்டர் குடித்துத் துப்புகிற மின்சாரமெல்லாம் ஸ்டீரியோவின் வாசல் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

எர்த்தைத் தனியாக எடுத்து, பாடியில் பெயிண்ட்டைச் சுரண்டி வேறு இடத்தில் கட்டினேன். பாதிக்கு மேல் அதிலேயே போனது. பாசிட்டிவை பார்க்கிங் லைட் லைனிலிருந்து ஒரு ஆம்பியர் பியூஸோடு தனியாக இழுத்தேன். அந்த வயர் இன்வெர்ட்டருக்குள் நுழைகிற வாயிலில் ஒரு சோக் காயில், அதற்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டரை ஒட்டி 1,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், கூடவே ஒரு பாயின்ட் ஒன்று செராமிக். இவை இன்வெர்ட்டரிலிருந்து விரல் நீளத்துக்குள் இருக்க வேண்டும். சௌகரியமாக இருக்கிறதென்று பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், நடுவில் இருக்கிற அத்தனை வயரும் ஏரியலாகிவிடும். கண்டென்சர் வாங்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். காரில் 12 வோல்ட் என்பது பேச்சுக்குத்தான். எஞ்சின் ஓடினால் 14-ஐத் தாண்டும், நடுநடுவே எகிறவும் எகிறும். 16 வோல்ட் கண்டென்சர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். 25 அல்லது 35 வோல்ட், 105 டிகிரி தாங்குகிறது என்று எழுதியிருப்பதுதான் திருவள்ளூர் மே மாத வெயிலில் டேஷ்போர்டுக்குள் பிழைக்கும். கடைசியாக, இன்வெர்ட்டரிலிருந்து டயலுக்குப் போகிற இரண்டு வயரையும் நன்றாக முறுக்கி, ஆர்.சி.ஏ. வயருக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். அதில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. கை பட்டால் உயிர் போகாது, ஆனால் சுரீரென்று இழுக்கும். ஜாயின்ட் அத்தனையிலும் சுருங்குகிற ஸ்லீவ் போட்டேன். இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை கசிந்து அவிழ்ந்துவிடும்.

பெட்டியும் தன் பங்குக்கு லேசாக முனகிக்கொண்டிருந்தது. டபுள் சைடு டேப்பில் டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவைத்திருந்ததால் அந்த பிளாஸ்டிக் முழுவதும் சேர்ந்து முனகியது. பெட்டியைப் பிய்த்து, ஃபோமில் சுற்றி, இரும்புச் சட்டத்தில் கேபிள் டையால் தொங்கவிட்டேன். எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, டயலை முழு வெளிச்சத்தில் வைத்து உட்கார்ந்து கேட்டேன். சுத்தமாக ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன்.

"அப்பா, சத்தம் அப்படியேதான் இருக்கு" என்றாள் மகள். அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இருக்கு? ஸ்பீக்கர் கம்முனு இருக்கு பாரு."

"ஸ்பீக்கர்ல இல்லப்பா. மீட்டருக்குள்ள. சில்வண்டு கத்துற மாதிரி."

மனைவியைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் தயங்கி, "ஆமா, மெல்லிசா கேக்குது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வேலையைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஸ்டீரியோ சரியானதைப் பார்க்காமல் இல்லாத ஒன்றைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகளின் காதுக்கு எதுவும் கேட்கும் என்று பேச்சை முடித்தேன். அதற்குப் பிறகும் நெடுநாள் அந்தக் காரில்தான் போய்வந்தோம். ராத்திரிப் பயணங்களில் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். பாட்டு பைத்தியம் என்று அதையும் திட்டியிருக்கிறேன்.

அவள்தான் ஒரு நாள் போனை நீட்டினாள். மைக்கில் விழுகிற சத்தத்தைச் சுருதிவாரியாகப் பிரித்துக் கோடு போட்டுக் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கியிருந்தாள். டயல் அணைந்திருந்தபோது திரையின் அடியில் புல் முளைத்த மாதிரி சாதாரண இரைச்சல் மட்டும் இருந்தது. பார்க்கிங் லைட்டைப் போட்டதும் ஒரே ஒரு கோடு செங்குத்தாக எழும்பியது. நான் 2,000-இல் எதிர்பார்த்தேன். கோடு நின்றது 4,000-க்குப் பக்கத்தில்.

அது ஏன் என்று மறுநாள் மில்லில் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. டயல் ஒரு கண்டென்சர் என்றேன் அல்லவா? அதன் இரண்டு தகடுகளும் மின்சாரம் ஏறும்போது ஒன்றையொன்று இழுக்கும். பிளஸ் பக்கம் ஏறினாலும் இழுக்கும், மைனஸ் பக்கம் ஏறினாலும் இழுக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு. 2,000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் ஷீட் 4,000 முறை துடிக்கும். டயல்தான் ஸ்பீக்கர். நான் அடைத்ததெல்லாம் வயர்களில் போன சத்தம். இது வயரே இல்லாமல் காற்றில் வருகிறது.

கோடு கண்ணுக்கு முன்னால் நின்றது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில் காதுப் பரிசோதனையும் உண்டு. ஹெட்போனை மாட்டிவிட்டு வெவ்வேறு சுருதியில் 'பீப்' சத்தம் அனுப்புவார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு எதிரே கண்ணாடிக்கு அப்பால் டெக்னீஷியன் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு 'பீப்'புக்கும் அவர் தோள் லேசாக அசையும். சில சுருதிகளில் எனக்கு ஒன்றுமே கேட்காதபோது அந்தத் தோளைப் பார்த்து அழுத்தினேன். பல வருஷம் இப்படித்தான் 'நார்மல்' வாங்கினேன். காது போய்விட்டது என்று தெரிந்தால் ஃப்ளோரிலிருந்து ஸ்டோருக்கு மாற்றுவார்கள், ஓவர்டைம் போகும். வெளியே சொல்லிக்கொள்ளத் தோதான காரணம் இது. இதைவிட உள்ளே இன்னொன்று இருந்தது. இன்டக்‌ஷன் ஃபர்னஸும் ரோலிங் ஸ்டாண்டும் ஷியரும் ஓடுகிற இடத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது புதுசாக வந்தவன் செய்கிற வேலை என்று எங்கள் தலைமுறையில் ஒரு நினைப்பு. சத்தத்தை வைத்தே பேரிங் கெடுவதைக் கண்டுபிடிப்பவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரின் மேல் எனக்கு ஆசை இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கியும் உருட்டியும் பிழைக்கிற ஆலைகள் பல. என் வயதுக்காரர்கள் வீட்டில் டி.வி. எந்தச் சத்தத்தில் ஓடுகிறது என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். ஒரு கை நீட்டுகிற தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடத்தின் சத்தம் காதுக்கு ஆகாது. எங்கள் இடத்தில் காதோரம் வாய் வைத்துக் கத்துவோம், மீதி கைஜாடை. 8 மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளில் எழுதியிருந்த எல்லை. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். சத்தத்தால் காது கெடுவதை 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாகவே சேர்த்திருந்தது. சிலிக்கோசிஸும் ஈய விஷமும் இருக்கிற அதே பட்டியல். ஈட்டுத்தொகைக்கும் வழி உண்டு. ஆனால் நோயாளியே தோளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பட்டியல் என்ன செய்யும்?

சென்னையில் ஒரு ஆடியாலஜிஸ்ட்டிடம் போனேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் யாரும் தெரியவில்லை. அவர் வரைந்து கொடுத்த கோடு 250-லிருந்து 2,000 வரைக்கும் ஏறக்குறைய நேராக வந்து, 3,000-இல் சரிந்து, 4,000-இல் பள்ளத்தில் விழுந்து, 8,000-இல் கொஞ்சம் ஏறியது. வயதானால் வருகிற காது மந்தம் அப்படி ஏறாது, சரிந்துகொண்டே போகும். 4,000-இல் மட்டும் பள்ளம் என்றால் பெரும்பாலும் ஆலைச் சத்தம். "எங்க சார் வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்குள்ளேயே, "மில்லா?" என்றார். உள்காதில் சத்தத்தை வாங்குகிற முடிச்செல்கள் காதுக்குப் பதினைந்தாயிரம் வாக்கில்தான் இருக்கின்றன. போனது திரும்ப முளைக்காது. தாழ்ந்த சுருதி நன்றாகக் கேட்பதால் லாரி ஹார்னும் பேச்சும் கேட்கும். காது கேட்கவில்லை என்று நமக்கே தோன்றாது. பேச்சில் 'ச'வும் 'ஸ'வும் மட்டும் உதிர்ந்துபோகும். நாம் அதை எதிராளி முணுமுணுக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் 'பீப்', கைக்கடிகார அலாரம், இவையெல்லாம் பெரும்பாலும் 4,000-ஐ ஒட்டிய சுருதியில் வைக்கப்பட்டவை. ஆரோக்கியமான காதுக்குப் பளிச்சென்று கேட்கிற சுருதி அது. வீட்டில் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதென்று நான் இரண்டாவது ஒன்று வாங்கியிருக்கிறேன்.

டயலுக்கு வருவோம். இந்த முறை காது என் மகளுடையது, கை மட்டும் என்னுடையது. மீட்டர் போர்டைக் கழற்றி, வயரை நீட்டிப் போட்டு, ஜாயின்ட்களை மூடி, மடியில் ஒரு ரப்பர் மேட்டின் மேல் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் அவள். ரப்பர் கிளவுஸ் போட்ட விரலால் ஷீட்டை இடம் இடமாக அமுக்குவேன், அவள் "இருக்கு... இருக்கு..." என்பாள். ஆர்.பி.எம். டயலின் கீழ் ஓரத்தில் அமுக்கியதும் "குறைஞ்சிடுச்சு" என்றாள். விரலை எடுத்தேன், திரும்ப வந்துவிட்டது. லேசான வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அங்கே பசை விட்டு, ஷீட் பொடிக் குமிழாக எழும்பியிருந்தது. ஒட்டாத தகடு துள்ளும், ஒட்டிய தகடு துள்ளாது. இன்வெர்ட்டரை அணைத்து, முள்ளைத் தொடாமல், அந்த ஓரத்தை மட்டும் நீவி ஒட்டினோம். ஒட்டுவதற்கு சிலிகான் எடுக்கிறவர்கள் கவனியுங்கள்: வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் செம்பை அரிக்கும். வாசமில்லாத நியூட்ரல் வகைதான் மின்சாமான்களுக்கு.

அதோடு முழுக்கப் போகவில்லை. மூலத்தையே மாற்றலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட் போய், டயலின் பரப்புக்குப் பொருந்துகிற, 400 ஹெர்ட்ஸில் ஓடுகிற இன்வெர்ட்டர் ஒன்றைத் தேடி வாங்கினேன். பரப்புக்குப் பொருந்துவது முக்கியம். ஷீட்டின் கொள்ளளவும் இன்வெர்ட்டரின் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்துதான் வோல்ட்டேஜைத் தீர்மானிக்கின்றன. ஷீட்டை மாட்டாமல் வெறுமனே ஓடவிட்டால் வோல்ட்டேஜ் எகிறிப் பெட்டியே போய்விடலாம். 400 என்றால் ஷீட் 800-இல் துடிக்கும். அவ்வளவு சின்னத் தகடு தாழ்ந்த சுருதியில் பெரிதாகக் கத்த முடியாது. மாட்டிப் பார்த்தேன். முதல் முறையாக டயலுக்குள்ளிருந்து வந்த 'உம்' என்ற முனகல் எனக்குக் கேட்டது. மகளைப் பார்த்துச் சிரித்தேன். எனக்குக் கேட்கிற சுருதிக்கு இறக்கிக் கொண்டுவந்ததால் மீதி வேலையை நானே பார்த்துக்கொண்டேன். போர்டின் பின்பக்கம் மெல்லிய ஃபோம் வைத்து, முன் கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவே உரசல் இல்லாமல் செய்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தீர்ப்பு சொல்லச் சொன்னேன். "இப்போ சரி" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் திருகாணியை முடுக்கினேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்தப் பொடியில் ஹெர்ட்ஸ் குறைந்தால் வெளிச்சம் குறையும், நிறமும் நீலத்திலிருந்து பச்சைக்கு நகரும். ஜி.பி. ரோட்டில் பணம் கொடுத்து வாங்கிய நீலம் கடைசியில் பாசிப்பச்சையாகிவிட்டது. மில்லில் அந்தப் பையன் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, கலர் மாறிப்போச்சு?" என்றான். அவன் காரிலும் சில்வண்டு இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னா வண்டு?" என்றான். அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. அவனையும் ஆடியாலஜிஸ்ட்டிடம் அனுப்பினேன். காதில் இயர் ப்ளக்கும், ஷியர் பக்கம் போனால் அதற்கு மேல் மஃபும் போடாமல் நான் இப்போது ஃப்ளோரில் இறங்குவதில்லை. கிழவனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று கேலி பேசினார்கள். காது கேட்காததில் இது ஒரு சௌகரியம்.

ஹியரிங் எய்டு போட்டுக்கொள்ள மனசு ஒப்புவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆனது. போட்டுக்கொண்டு காரில் ஏறியதும், இன்டிகேட்டர் ரிலே 'டிக் டிக்' என்று அடிப்பது கேட்டது. அது செத்துப் பல வருஷமானது என்று நினைத்திருந்தேன். பெல்ட் கீச்சிடுகிறது, ஏ.சி. புளோயரில் ஏதோ உரசுகிறது, பின் கதவில் ஒரு கிளிப் ஆடுகிறது. மெக்கானிக்கிடம் பட்டியல் போட்டுக் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, "இதெல்லாம் எப்பவுமே இருக்குற சத்தம்தான் சார், நீங்க ஒண்ணுமே சொல்லலையேன்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

அந்தக் கருவியில் 'டி' என்று ஒரு முறை உண்டு. மைக்கை அணைத்துவிட்டு, போன் ரிசீவரின் காந்த அலையை நேராக வாங்கிக் காதுக்குக் கொடுப்பதற்கானது. ஒரு நாள் ராத்திரி கவரைப்பேட்டை தாண்டி வண்டியை ஓரங்கட்டி, போன் பேச 'டி'க்கு மாற்றினேன். பக்கத்தில் மகள், இப்போது கல்லூரிக்காரி. காதுக்குள் 'உம்ம்ம்' என்று பெரிய முனகல்.

"இந்த டயல் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு" என்றேன்.

அவள் குனிந்து காதை மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா."

"நல்லா கேளு."

"சத்தியமா ஒண்ணும் இல்ல. நீதான் சும்மா சொல்ற."

பார்க்கிங் லைட்டை அணைத்தேன், முனகல் நின்றது. போட்டேன், திரும்ப வந்தது. இன்வெர்ட்டரின் டிரான்ஸ்ஃபார்மர் 400 ஹெர்ட்ஸில் வீசுகிற காந்தப்புலத்தை என் காதுக் கருவியின் காயில் நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்றில் சத்தம் என்று ஒன்றுமே இல்லை. விளக்கிச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு நெடுஞ்சாலை லாரிகளுக்கு மேல் கேட்டது. அடுத்த வாரம் மில்லில் கழிவுத் தகடு ஒன்றைக் கேட்டு வாங்கி, பெட்டியைச் சுற்றி மடித்து மூடினேன். அலுமினியம் இந்தச் சுருதிக் காந்தத்தைத் தடுக்காது, இரும்பு ஓரளவு தடுக்கும். பாதிக்குப் பாதி அடங்கியிருக்கிறது. மீதிக்கு, 'டி'யைப் போடுவதற்கு முன் பார்க்கிங் லைட்டை அணைத்துக்கொள்கிறேன்.